காலடிப்பேட்டை லேத் சந்து

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டுக் காலடிப்பேட்டைக்குள் நுழையும் சந்துகளில் ஒன்று எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் காலை எட்டரை மணிக்கு மேல் அங்கே மெல்லப் பேசினால் யார் காதிலும் விழாது. வாசலுக்கு வாசல் லேத். நடுவில் ஒரு ஷேப்பர், இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் கடை, சந்து முடியும் இடத்தில் ஒரு கொல்லுப்பட்டறை. துருத்தி ஊதும் சத்தமும் சாணைக்கல்லின் கிறீச்சும் சேர்ந்து கேட்டால் வேலை நடக்கிறது, வீட்டில் அடுப்பு எரியும் என்று அர்த்தம். சத்தம் நின்றால் அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பாள்.

1710-களின் கடைசியில் கவர்னர் காலெட் நெசவாளிகளைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது. தறி ஓடிய திண்ணைகளில்தான் லேத் வந்து உட்கார்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் நினைவில் தறி இல்லை. லேத்தும் இப்போது ஒன்றைத் தவிர இல்லை. அடுக்குமாடி வீடுகளும் ஒரு மருந்துக் கடையும் மொபைல் ரீசார்ஜ் கடையும் இருக்கின்றன. அந்தச் சந்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைப்பது ஒரு போக்குவரத்து நின்றுபோனதை நினைத்து. ஊரில் மழை பொய்த்தால் ஆட்கள் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். பட்டணத்தில் போர் பயம் வந்தால் பட்டறை ஊருக்குப் போகும். மூன்று தலைமுறைக்கு இந்த வழி திறந்தே இருந்தது.

இந்தப் பக்கத்து மண்ணையே கெட்ட காலத்தில் ஊர்விட்டு வந்தவர்கள்தான் வெட்டினார்கள், சுமந்தார்கள். எங்கள் சந்துக்குப் பின்னால் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் பக்கம் போகும் வடபகுதி 1800-களின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் துண்டு தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்குப் பிறகே கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை. ஏர் பிடித்த, நாற்று நட்ட, களை பறித்த கைகள் அவை. அந்தப் பஞ்சத்தில் சர்க்கார் அனுப்பிய டெம்பிள் துரை வந்து சிக்கனம் என்று சொல்லி ஒரு கூலி நிர்ணயித்தார்: ஆண் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். முழு நாள் மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது என்று அப்போதே மருத்துவ அதிகாரிகள் எதிர்த்தார்கள். சில மாதங்களில் அதை மாற்றவேண்டி வந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது கால்வாய் கறுப்புச் சாக்கடையாக மாறியிருந்தது. என் தாத்தாவின் காலத்தில் அதே தண்ணீரில் வடக்கேயிருந்து படகுகளில் சவுக்குக் கட்டையும் உப்பும் நெல்லும் வரும். உலைக்குக் கரியை அவர் படகுக்காரர்களிடமே பேரம் பேசி வாங்கியிருக்கிறார்.

தாத்தா உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கொல்லர் வீட்டுப் பிள்ளை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதாளத்துக்குப் போனது. விவசாயி கையில் காசில்லை என்றால் கொல்லன் உலையில் நெருப்பில்லை. கொழு தேய்ந்தாலும் அப்படியே உழுவார்கள், வண்டிப் பட்டா கழன்றாலும் கயிறு கட்டி ஓட்டுவார்கள். அப்பாவும் அண்ணனும் ஊரில் இருக்க, இவர் மட்டும் பிழைக்க வழிதேடி ராயபுரம் வந்தார். துறைமுகத்துச் சரக்குப் படகுகளுக்கும் வின்ச்சுகளுக்கும் இரும்பு வேலை செய்யும் ஒரு பட்டறையில் சம்மட்டி அடிக்கிற ஆளாகச் சேர்ந்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட ஸ்டேஷன் ராயபுரம். அந்தப் பட்டறைகளுக்கு ரயில், கப்பல் இரண்டின் வேலையும் வந்தது. ஊரில் கற்ற வேலையில் பாதி இங்கே செல்லுபடியானது, மீதியைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன் என்பார்.

போரைப் பற்றிய ராயபுரத்தின் பயம் அதற்கும் பழையது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துப் பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. எரிந்த எண்ணெயின் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் தாத்தாவின் பட்டறையில் வேலை செய்தார்கள். அந்த நெருப்பை அவர்கள் சொன்ன விதமே வேறு என்பார் தாத்தா. ஜனம் மூட்டை முடிச்சோடு ஊருக்கு ஓடியதாம். ஆகவே 1942 ஏப்ரலில், கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று செய்தி வந்தபோது யாரும் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. சர்க்காரே அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. மிருகக்காட்சி சாலையில் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்திதான் தாத்தாவை அசைத்தது. "கூண்டுல இருக்கறதையே சுட்டுட்டான்னா, இவனுங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சின்னு அர்த்தம்" என்று முடிவு கட்டினார்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் அந்தக் காலத்துக்கு 'எவாக்குவேஷன்' என்றே பெயர். யார் எவாக்குவேஷனுக்கு முன்னால் பிறந்தவர், யார் பின்னால் என்று வயது கணக்கிடுவார்கள். எழும்பூரில் ரயிலேற முடியாத கூட்டம். தாத்தா ஒரு மாட்டுவண்டி பிடித்தார். பாட்டி பாத்திரங்களையும் துணிகளையும் ஏற்றினாள். அவர் தம் சம்மட்டி, குறடுகள், அரங்கள், மரை வெட்டும் டைகள் எல்லாவற்றையும் கோணிச் சாக்கில் சுற்றி, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார். இரும்பு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வதந்தி. வண்டி கனம் தாங்காமல் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி நடந்தாளாம். அந்தக் குழந்தை என் அப்பா.

ஊரில் அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பட்டணத்துக்காரன் திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிடப்போகிறான் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். ஆனால் போரால் புது இரும்பு கிடைக்கவில்லை. 1941-லேயே இரும்பு, எஃகுக்குக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு கட்டி வாங்க வேண்டுமென்றால் பெர்மிட் கேட்டார்கள். கொழுவுக்கு இரும்பு இல்லை, களைக்கொட்டுக்கு இல்லை, கிணற்று ராட்டினத்து அச்சுக்கு இல்லை. பழைய இரும்பைப் புதிதாக்கத் தெரிந்தவன் தேவைப்பட்டான். ராயபுரத்தில் தாத்தா கற்றது அதைத்தான். துறைமுகத்தில் துருப்பிடித்த சங்கிலியிலிருந்தும் உடைந்த அச்சிலிருந்தும் சாமான் செய்து பழகிய கை. முறிந்த வண்டிப் பட்டாவை வெட்டி, காய்ச்சி, அடுக்கிக் கொழு அடித்தார். தேய்ந்த அரத்தை அரிவாளாக்கினார். கூலி நெல்லாக வந்தது, மரக்கால் கணக்கில். அண்ணன் துருத்தி ஊத, தம்பி அடிக்க, இரண்டு குடும்பம் ஓர் உலையில் பிழைத்தது.

அவருக்கு இருந்த ஒரே கோபம் கரி பஸ் மீது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்களின் பின்னால் கரி வாயு உலையை மாட்டி ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனியே தன் பெயரில் அந்த உலையைச் செய்து விற்றது. டிரைவர் காலையில் கரி போட்டு மூட்டி, துருத்திச் சக்கரத்தைச் சுற்றி, வாயு வர ஒரு நாழிகை காத்திருப்பார். மேட்டில் ஏறாவிட்டால் சனம் இறங்கித் தள்ளும். ஊரெல்லாம் கரி அந்த உலைக்குப் போனதால் கொல்லன் உலைக்குக் கரி விலை ஏறிப்போனது. "பஸ்ஸும் நாமளும் ஒரே இலையில சாப்புட்டோம்" என்று வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சென்னை மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. அப்போது தாத்தா இன்னும் ஊரில்தான் இருந்தார். போர் முடிந்த பிறகு திரும்பி வந்தார். வரும்போது அண்ணன் மகனையும் கூட்டிவந்தார். ஊர் காத்த கடனுக்கு ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு வேலை கற்றுக்கொடுப்பது என்று ஏற்பாடு. இது எங்கும் எழுதிவைத்த ஏற்பாடில்லை. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் அந்த ஊர் ஆள் ஒருவராவது இல்லாமல் இருந்த வருஷமே கிடையாது.

போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய சாமான்களை 'டிஸ்போசல்' என்று ஏலம் விட்டார்கள். லாரி, டெண்ட், தண்ணீர் டப்பா, பூட்ஸ், மெஷின்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் மூர் மார்க்கெட்டிலும் அவை கைமாறின. பாட்டியின் நகையை அடகு வைத்துத் தாத்தா அப்படியொரு லேத்தை வாங்கிக் காலடிப்பேட்டையில் இறக்கினார். போருக்காகக் கடல் கடந்து வந்த மெஷின், போர் முடிந்து எங்கள் திண்ணைக்கு வந்தது. மேலே ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து தோல் பெல்ட், ஒரே மோட்டார். பெல்ட் நழுவினால் குங்கிலியத்தைப் பொடித்துத் தடவுவார்கள். அந்த வாசனை எனக்கு இன்றும் எந்தக் கோயிலிலும் பட்டறையை நினைவுபடுத்திவிடும்.

அந்தச் சமயத்தில், 1946-இல், திருவொற்றியூரில் இன்னொரு கொட்டகையில் ஒருவர் பலூன் செய்ய ஆரம்பித்திருந்தார். கே.எம். மாமன் மாப்பிள்ளை. 1938-இல் அவர் குடும்பத்தின் வங்கி நொடித்து, சொத்தெல்லாம் போய், அப்பா சிறைக்குப் போன வீட்டுப் பிள்ளை. குழந்தைகளுக்கான ரப்பர் பலூனைக் கொட்டகையில் செய்து, தானே கொண்டுபோய் விற்றார். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். இதைச் சொல்லக் காரணம் உண்டு. வடசென்னை என்றதும் பெரிய புகைக்குழாயையும் நீண்ட மதில் சுவரையும் நினைக்கிறோம். அவற்றில் ஒன்று கெட்ட காலத்தில் ஒரு கொட்டகையில் தொடங்கியது என்பதை எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்த்தார்கள். தாத்தாவின் கொட்டகை கடைசிவரை கொட்டகையாகவே இருந்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டியது, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் மோட்டார் சைக்கிள் கேட்டதால் என்ஃபீல்ட் திருவொற்றியூருக்கு வந்தது. முதலில் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே. கார்போரண்டம், கே.சி.பி., தீப்பெட்டி செய்யும் விம்கோ என்று டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு பஸ் நிறுத்தமும் ஒரு கம்பெனிப் பெயராயிற்று. ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு சங்கு. விம்கோ சங்குக்கு அடுப்பு மூட்டுவதும், சாயந்திரச் சங்குக்குக் குழாயடிக்கு ஓடுவதும் பெண்களின் வழக்கம். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, அதை யாரும் பார்த்ததில்லை.

ஆலைகளின் சாப்பாட்டில் சிந்தியது எங்கள் சந்துக்கு வந்தது. ஜாப் ஆர்டர். புஷ், பின், வாஷர், ஸ்டட். கம்பெனியிலிருந்து பெரிய சப்ளையருக்கு, அவரிடமிருந்து சின்ன சப்ளையருக்கு, அவரிடமிருந்து அப்பாவுக்கு. காசு மட்டும் அதே வழியில் நகர்ந்து வர மாதக் கணக்காகும். அப்பா தௌ கணக்கில் பேசுவார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. "அரை தௌ பிடிக்குது" என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். மைக்ரோமீட்டர் அதை உறுதிப்படுத்த மட்டும்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

1960-களின் நடுவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடைக்கு முன்னால் விடியற்காலையில் கல்லை வைத்து இடம் பிடித்த காலம். 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் அது திருவிழா. ஊர்ப்பக்கத்தில் ஏரி வறண்டால் விவசாயக் கூலிக்கு அந்த ஒரு ரூபாயும் கிடையாது. உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு பக்கமிருந்து ஆண்கள் மஞ்சள் பையோடு வருவார்கள். சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்கள், சிலர் கட்டட வேலைக்கு. யாராவது சொல்லி அனுப்பியவர்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். நான் சிறுமியாக மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"இன்னா வேலை தெரியும்?"

"ஏர் ஓட்டுவேன் மேஸ்திரி. அண்டை வெட்டுவேன்."

"அண்டை வெட்டினா தண்ணி நிக்குமா?"

"நிக்கும்."

"அப்போ மட்டம் தெரியும். உள்ள வா."

வந்தவர் கையில் அப்பா ஓர் அரமும் பழைய கட்டி இரும்பும் கொடுப்பார். வைஸில் மாட்டி, ஒரு பக்கத்தைச் சமமாக ராவு என்பார். அவ்வளவுதான் முதல் பாடம். இது சுலபம் என்று நினைப்பவர்கள் ராவிப் பார்த்ததில்லை. அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடது கை கனமாக இருக்கவேண்டும், தள்ளி முடிக்கும்போது வலது கை. அந்தக் கனம் மாறும் இடம் தெரியாவிட்டால் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் இரும்பு முதுகு தூக்கிவிடும். புது ஆள் எல்லோருக்கும் முதுகு தூக்கும். அப்பா மூலை மட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் பிடிப்பார். அடியில் மயிரிழை வெளிச்சம் தெரியும். "பார், விடியுது" என்பார். மறுபடி ராவவேண்டும். வெளிச்சம் முழுவதும் அடைபடும்வரை லேத் பக்கம் போக விடமாட்டார்.

உழவு தெரிந்தவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்தார்கள். அது என் கற்பனையாகத் தோன்றலாம், ஆனால் அப்பா பலமுறை சொன்னது: மேழி பிடித்தவனுக்கு எங்கே அழுத்தணும், எங்கே விடணும் என்று உடம்பே சொல்லும். பள்ளிக்கூடம் முடித்து வந்த பட்டணத்துப் பையன்களைவிட அவர்கள் கையில் முதுகு சீக்கிரம் அடங்கியது. படிக்கத் தெரியாத ஒருவர் மைக்ரோமீட்டரின் கோடுகளைப் படிக்கக் கற்றதை நான் பார்த்தேன். எண் தெரியாது, கோட்டின் இடம் தெரியும். பிறகு என்னிடம் உட்கார்ந்து எண்ணும் கற்றுக்கொண்டார். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர். ஊரில் அவர் சாதிக்கு எந்தத் திண்ணையிலும் உட்கார இடமில்லை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பலகையில் எழுதினார். இதற்காக அப்பாவைச் சந்தில் சிலர் ஏசியதும் எனக்குத் தெரியும். அப்பா பதில் சொல்லவில்லை, அவரை லேத்தில் ஏற்றினார்.

அவர்கள் இரவில் பட்டறையிலேயே படுப்பார்கள். பெருக்கி, கோணி விரித்து. எவ்வளவு பெருக்கினாலும் இரும்புப் பிசிறு தரையில் இருக்கும். காலையில் பாதத்தில் ஏறியிருக்கும். அம்மா ஊக்கை அடுப்பில் காட்டிச் சூடேற்றி, ஒருவர் காலாக வாங்கி மடியில் வைத்து, பிசிறைக் கிளறி எடுத்து மஞ்சள் வைப்பாள். தன்னைவிட வயதில் பெரிய ஆண்கள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள். "பிள்ளைங்களுக்குச் செய்யறதில்லையா, காட்டு" என்பாள். நடவுக்கும் அறுப்புக்கும் அவர்களுக்கு விடுப்பு. ஆர்டர் எவ்வளவு தலைக்கு மேல் இருந்தாலும் அப்பா தடுத்ததில்லை. ஆலைகளில் இப்படிப் போனால் கணக்கு முடித்துவிடுவார்கள். எங்கள் பட்டறை அந்த நாட்களில் பாதி வேகத்தில் ஓடும். திரும்பி வரும்போது மல்லாட்டை மூட்டையும் கம்பும் புளியும் வரும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சிலர் திரும்பவே மாட்டார்கள். "ஏரி நிரம்பிடுச்சி போல, நல்லாருக்கட்டும்" என்று அப்பா புது ஆள் தேடுவார்.

1971 டிசம்பர் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பங்களாதேஷ் போர். விக்ராந்த் கப்பல் அந்த ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் நின்றிருந்தது. அதை வேட்டையாட வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, டிசம்பர் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. இதெல்லாம் பின்னால் படித்தது. அப்போது தெரிந்தது, ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டியதும், லாரி விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்ததும்தான். ராணுவ வண்டிகளுக்கான உதிரி பாகம் என்று கை மாறிக் கை மாறி ஓர் ஆர்டர் வந்திருந்தது. என்ன வண்டி, எங்கே போகும், எதுவும் தெரியாது. இவ்வளவு புஷ், இவ்வளவு அளவு, இந்தத் தேதி. பகலும் இரவும் லேத் ஓடியது. கதவைச் சாத்தி, கோணிப்பை தொங்கவிட்டு, லேத் தலைமேல் ஒற்றை பல்பு, அதற்கும் தகர மூடி. சாணை பிடிக்கும்போது நெருப்புப் பொறி பறக்குமே என்று சாணையைப் பகலில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். விமானம் மேலிருந்து எங்கள் சாணைப் பொறியைப் பார்த்துவிடும் என்று உண்மையாகவே நம்பினோம்.

தாத்தா அப்போது உயிரோடிருந்தார். கண் மங்கிவிட்டது. வாசலில் உட்கார்ந்துகொண்டு மறுபடி எவாக்குவேஷன் வரும், வண்டி பார்த்து வை என்று அப்பாவிடம் தினமும் சொன்னார். அந்த வாரம் ஊரிலிருந்து தாத்தாவின் அண்ணன் பேரன் ஒருவன் வந்தான். போர் பயமென்றால் குழந்தைகளையாவது அனுப்புங்கள், வீடு காலி பண்ணி வைத்திருக்கிறோம் என்று பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் போகவில்லை, போர் பதினாலு நாளில் முடிந்துவிட்டது. ஆனாலும் ஓர் அறையைக் காலி பண்ணி யாரோ நமக்காக வைத்திருந்தார்கள். இன்று இந்த நகரத்தில் ஏதாவது நடந்தால் எனக்காக அறை காலி செய்து வைத்திருக்கும் ஊர் எது என்று யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

பட்டறைகள் எப்படிப் போயின என்பதை நீட்டிச் சொல்ல மனமில்லை. ஆலைகளின் புது வேலை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனது. கணினி மெஷின் ஒரு மணியில் செய்வதை நாங்கள் ஒரு நாளில் செய்தோம். 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு. பிறகு செல்லாத நோட்டு, ஜி.எஸ்.டி., கொரோனா. 2020 கோடையில் ராயபுரம் மண்டலம்தான் சென்னையில் நோய் அதிகம் பரவிய இடங்களில் முதலாக இருந்தது. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். டிஸ்போசல் லேத்தை என் தம்பி எடைக்குப் போட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கும் பிள்ளைகள் படிக்கவேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. ஊரில் கெட்ட காலம் இன்னும் வருகிறது, ஆட்களும் இன்னும் வருகிறார்கள். பீகாரிலிருந்து, ஒடிசாவிலிருந்து, வங்காளத்திலிருந்து. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மணலியில், மீஞ்சூரில், காட்டுப்பள்ளி போகும் வழியில் அவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. ஏஜென்ட் கேட்பது ஆதார் எண். மூட்டை தூக்கு, பெயின்ட் சுரண்டு, ஷிப்ட் முடிந்ததும் தகரக் கொட்டகைக்குப் போ. அவர்களில் எத்தனை பேர் ஏர் பிடித்தவர்கள், தறி போட்டவர்கள், உலை ஊதியவர்கள்? அண்டை வெட்டினால் தண்ணீர் நிற்கும் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2020-இல் அவர்கள் கும்மிடிப்பூண்டி சாலையில் வடக்கே நடந்ததைப் பார்த்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. பாட்டியின் வண்டியில் கற்ற தொழிலின் கருவிகள் இருந்தன. இவர்கள் முதுகுப்பையில் துணியும் சார்ஜரும் தவிர இந்த நகரம் எதையும் போட்டு அனுப்பவில்லை. வந்து வருஷக்கணக்காக உழைத்தவர்களுக்கு ஒரு தொழிலைக்கூடக் கையில் கொடுக்காமல் அனுப்பினோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சந்தில் ஒன்று மட்டும் மிச்சம். முன்பு கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு லேத், ஒரு வெல்டிங் செட். நடத்துபவர் அப்பாவிடம் வேலை கற்றவரின் மகன். கம்பெனி ஆர்டர் கிடையாது, காசிமேட்டு லாஞ்ச் வேலைதான் பிழைப்பு. ஷாஃப்ட் தேய்ந்து வரும், புஷ் உடைந்து வரும், உப்புத் தண்ணீர் இருக்கிறவரை இரும்பு கெட்டுக்கொண்டே இருக்கும் என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீனவர்களுக்குக் கையில் காசில்லாத இரண்டு மாதம். அப்போதுதான் லாஞ்சுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். கூலியில் பாதி கடன், கடலுக்குப் போய் வந்துதான் தருவார்கள். அவர் எழுதி வைத்துக்கொள்கிறார், வட்டி கிடையாது. வேலைக்கு ஒரு பையன் வைத்திருக்கிறார், ஒடிசாவிலிருந்து வந்தவன், மணலியில் பெயின்ட் சுரண்டிக்கொண்டிருந்தவன். போன தடைக்காலத்தில் நான் போனபோது இருவரும் ஒரு ஷாஃப்டை லேத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் கொடுக்க வாய் திறந்தேன். "அக்கா, இது சென்டர் ஆவட்டும், அப்புறம் வா" என்று கையால் தள்ளி நிற்கச் சொன்னார். பையன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை, அவன் கண் டயலில் இருந்தது.